அமைதிக் கோடுகள் வரைவதற்குத் தாள் முக்கியமா, பென்சில் முக்கியமா?

நிரைக்கோடு (சுங்கை சிப்புட்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சில மாதங்களாகச் சனிக்கிழமை பிற்பகல்களில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள பொது மண்டபத்தின் வராந்தாவில் ஆறு பெண்கள் கூடி, மன அமைதிக்காக வடிவங்கள் வரைந்து வருகிறோம். அறுவரில் நால்வர் ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறி இங்கே குடிவந்தவர்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் ஆகிய இருவர் ‘ஸென்டாங்கிள்’ என்று பெயரிட்டு ஒழுங்குபடுத்திய முறையைத்தான் பின்பற்றுகிறோம். மூன்றரை அங்குலச் சதுரத் தாளின் நான்கு மூலைகளிலும் பென்சிலால் புள்ளி வைத்து, அவற்றை இணைத்து எல்லை கட்டி, உள்ளே நூல் ஒன்று நழுவி விழுந்ததுபோல் ஒரு நெளிகோடு போட்டால், தாள் சில அறைகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வோர் அறையையும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து கருப்பு மைப் பேனாவால் நிரப்பி, பிறகு பென்சிலால் நிழல் தீட்ட வேண்டும். இதில் அழிப்பானுக்கு இடமில்லை. தவறிப்போன கோட்டையும் அடுத்த கோட்டால் வடிவத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்ணம் தீட்டுவது மட்டும் நாங்களாகச் சேர்த்துக்கொண்ட ஆசை.

அந்த ஆசைதான் இப்போது சிக்கலாகிவிட்டது. வீட்டில் மிஞ்சிய படியெடுப்புத் தாளில், அதாவது 80 கிராம் ஏ4 தாளில், வரைந்தோம். வண்ணப் பென்சிலை இரண்டாம் முறை ஓட்டினால் நிறம் ஏறாமல் வழுக்குகிறது. அழுத்தினால் தாள் பள்ளமாகிறது. பென்சிலின் தரம்தான் குறை என்று எண்ணி, பிள்ளைகளின் பழைய லூனா பென்சில்களை ஒதுக்கிவிட்டு, ஈப்போவுக்குச் சென்று 36 நிறங்கள் கொண்ட விலையுயர்ந்த பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் மாதத்தில் வரைந்தவை எல்லாம் சுருண்டு, சிலவற்றில் பழுப்புப் புள்ளிகளும் விழுந்துவிட்டன. நான் மாற்ற வேண்டியது பென்சிலையா, தாளையா? அல்லது வராந்தாவையா?

அச்சுக்கூடத்தான் (ஈப்போ) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அச்சகத்தில் தாளோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பணத்தைப் பென்சிலில் போட்டது அவசரம்.

80 கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ4 தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஒரு தாள் வெறும் 5 கிராம். இந்த எடை இயந்திரத்துக்குள் தடையின்றி ஓடுவதற்காக அமைந்தது. அதன் மேற்பரப்பையும் அதற்காகவே அழுத்தி வழுவழுப்பாக்கியிருப்பார்கள். வண்ணப் பென்சிலோ உராய்வினால் நிறம் தருவது. தாளின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் பென்சிலின் முனையைச் சிறிது சிறிதாகத் துருவி எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பள்ளங்கள் நிறைந்துவிட்டால் அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் இல்லை. படியெடுப்புத் தாளில் பள்ளங்களே குறைவு. முதல் பூச்சிலேயே நிறைந்துபோன தாளின்மேல் எவ்வளவு உயர்ந்த பென்சிலைக் கொண்டுவந்தாலும் அது வழுக்கத்தான் செய்யும்.

அதற்காக மிகவும் சொரசொரப்பான தாளுக்கும் தாவிவிட வேண்டாம். நீர்வண்ணத் தாளில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். குளிர் உருளையில் அழுத்தியது கரடுமுரடாக இருக்கும். அதில் பென்சில் ஓட்டினால் பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும், மெல்லிய பேனா முனையும் தேய்ந்துபோகும். சூடான உருளையில் அழுத்தியது மென்மையாக இருந்தும் பிடிமானத்தை இழக்காது. நுண்கோடும் வண்ணமும் ஒரே தாளில் வேண்டுமென்றால் இந்த இரண்டாம் வகைதான் பொருத்தம். நீங்கள் குறிப்பிட்ட அமெரிக்கர்கள் தங்கள் சதுரங்களுக்கு இத்தாலியின் ஃபேப்ரியானோ ஆலை செய்யும் ‘தியெப்போலோ’ என்ற பருத்தித் தாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அச்சுப்பதிவுக் கலைக்கான தாள். அதன் மேற்பரப்பு மிருதுவாக இருந்தாலும் பென்சிலைப் பிடித்து நிறுத்தும்.

சுருளுவதற்குக் காரணம் ஈரம். தாள் செய்யும்போது இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில் படுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் இழை நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் பருக்கும். அதனால் தாள் ஒரு பக்கமாக வளைகிறது. இழைகள் படுத்திருக்கும் திசையை எங்கள் மொழியில் நார்த்திசை என்போம். தாளைக் கிழித்துப் பாருங்கள்: நாரோடு போனால் நேராகக் கிழியும், குறுக்கே போனால் கோணலாகும். பழுப்புப் புள்ளிகளுக்குப் பூஞ்சையும் தாளில் கலந்த நுண்ணிய இரும்புத் துகள்களும் காரணமாகலாம். மை பரவாமல் இருக்கத் தாளில் ஏற்றும் மாவுச்சத்தும் கூழ்ப்பசையும் பூஞ்சைக்கு நல்ல உணவு. நம் ஊர்க் காற்றில் தாளை வெறுமனே அடுக்கி வைப்பது விருந்து வைப்பதற்குச் சமம். காற்றுப் புகாத பெட்டியில், காலணிப் பெட்டியோடு வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டு வையுங்கள். வராந்தாவை மாற்ற வேண்டியதில்லை.

பழைய கிராணி (தைப்பிங்) எழுதியது:

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, கோபம் இல்லை. புள்ளி வைத்து, கோடு இழுத்து, மனத்தை ஒருமுகப்படுத்தி வரைவதை நம் பெண்கள் விடியற்காலையில் வாசலில் காலங்காலமாகச் செய்து வந்தார்கள். மாவும் தரையும் போதுமாக இருந்தன. இப்போது அதையே மூன்றரை அங்குலச் சதுரத்தில், இத்தாலித் தாளில், வெளிநாட்டுப் பெயரோடு திரும்ப வாங்குகிறோமே, இது நமக்குத் தேவைதானா?

புள்ளிக்காரி (கோலாகங்சார்) எழுதியது:

கிராணி ஐயா அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். இரண்டையும் செய்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

சிக்குக் கோலத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் முதலிலேயே முடிவாகிவிடும். கம்பி எந்தப் புள்ளியையும் விட்டுவிடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஓரிடத்தில் தப்பாகத் திரும்பினால் கோலம் மூடாது. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி போன்றவர்கள் 1970களில் கணினி இலக்கணங்களைக் கொண்டு கோலத்தை ஆராய்ந்ததற்கு அந்தக் கணக்குத்தான் காரணம். ஆசிரியை சொல்லும் சதுரத்திலோ நான்கு புள்ளிகள் எல்லையைக் காட்டுவதற்கு மட்டுமே. முடிவு என்னவாகும் என்று வரைபவருக்கே தெரியாது. கோலத்தில் பிழை உண்டு, இதில் பிழை என்பதே இல்லை. என் அனுபவத்தில், கோலம் போடும்போது மனம் விழித்திருக்கிறது. இந்தச் சதுரத்தில் அது இளைப்பாறுகிறது. மேலும், வாசலில் கோலம் போட்டவருக்கு இளைப்பாற நேரம் எங்கே இருந்தது? பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கொடுக்கும் அணிக்கு) போகும் அவசரத்தில் மூன்று நிமிடத்தில் போட்டுவிட்டு ஓடியவர்தானே என் அம்மா.

செலவைப் பற்றி ஐயா சொன்னது மட்டும் உண்மை. கோலமாவைப் போல, கெட்டாலும் மனம் பதறாத ஒரு தாள் வேண்டும்.

நிரைக்கோடு (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘கெட்டாலும் மனம் பதறாத தாள்’ என்ற சொல்லை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பெரட்டைப் பற்றிப் படித்ததும் எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களில் மூத்தவருக்கு வயது 71. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். முதல் நாள் வந்தபோது, தனக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதுகோல் பிடித்துப் பழக்கமில்லை என்று கூச்சத்தோடு மூலையில் உட்கார்ந்துகொண்டார். இன்று எங்கள் அறுவரில் மிகச் சீரான இணைகோடுகள் அவருடையவை. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருபது வளைகோடுகளை ஒன்றோடொன்று உரசாமல் இறக்கிவிடுகிறார். கரும்பலகையில் ஆயிரக்கணக்கான நேர்கோடுகள் போட்ட என் கை அவ்வளவு பணிவதில்லை.

காரணம் கேட்டேன். கத்தியைப் பிடித்துக் காட்டுவதுபோல் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விளக்கினார். வெட்டுக்கோடு மரத்தைச் சுற்றிச் சாய்வாக இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குமேல் பட்டையைச் சீவக் கூடாது. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் இருப்பதால் ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சி, பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயமாகி முண்டு விழும், தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) ஏச்சும் கிடைக்கும். ஒரு நிரையில், அதாவது ஒருவருக்கு ஒதுக்கிய பகுதியில், நூற்றுக்கணக்கான மரங்களை, வெயில் ஏறிப் பால் குறைவதற்குள், இப்படியே சீவி முடிக்க வேண்டும். “அழுத்தினால் மரம் கெடும், விட்டால் பால் கெடும்” என்றார். பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று நான் ஆறு வாரமாகச் சொல்லிக்கொடுக்க முயன்றது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் அவருக்கும் அந்த 80 கிராம் தாள் பிடிக்கவில்லை. ‘பட்டையே இல்லாத மரம்’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆகவே தாளை மாற்றுவது என்று முடிவாயிற்று. பென்சிலைப் பற்றியும் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும். வாங்கிய பெட்டியை வீணாக்க மனம் வரவில்லை.

மெழுகும் எண்ணெயும் (சுங்கை பட்டாணி) எழுதியது:

பெட்டி வீணாகவில்லை, சகோதரி. நல்ல தாளில் அதன் தரம் தெரியும்.

வண்ணப் பென்சிலின் உட்கரு நிறமி, களிமண் அல்லது மாக்கல் போன்ற நிரப்பி, இவற்றைப் பிணைக்கும் பசை, மெழுகு அல்லது எண்ணெய் ஆகியவை சேர்ந்தது. மாணவர் பென்சில்களில் நிரப்பி அதிகம், நிறமி குறைவு. அதனால்தான் லூனாவில் எவ்வளவு தீட்டினாலும் நிறம் வெளிறித் தெரிகிறது. உயர்தரப் பென்சில்களில் இரண்டு போக்குகள் உண்டு. பிரிஸ்மகலர் பிரீமியர் போன்றவை மெழுகு சார்ந்தவை: மிருதுவானவை, விரைவாக நிறைப்பவை, ஆனால் கூர்முனை நிற்காது. ஃபேபர் காஸ்டெல் நிறுவனத்தின் பாலிகுரோமோஸ் எண்ணெய் சார்ந்தது: சற்றுக் கடினம், முனை நெடுநேரம் நிற்கும், மெல்லிய அறைகளுக்குள் நுழையும். மூன்றரை அங்குலச் சதுரத்தில் நுண்ணிய அறைகளை நிரப்ப விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை எண்ணெய் வகையே. நம் வெப்பத்தில் மெழுகுப் பென்சிலைக் காரில் விட்டுவைத்தால் உட்கரு இளகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மெழுகு வகையில் அடர் நிறங்களை அழுத்தித் தீட்டினால், சில வாரங்களில் மேலே சாம்பல் பூத்ததுபோல் ஒரு வெண்படலம் தோன்றும். பலர் அதைப் பூஞ்சை என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். அது உள்ளிருந்து மேலே வந்த மெழுகுதான். மெல்லிய பருத்தித் துணியால் தடவினால் போய்விடும். ஆசிரியையின் பழுப்புப் புள்ளி வேறு, இது வேறு.

வரிசையும் முக்கியம். முதலில் மையால் வரைந்து, நன்றாக உலரவிட்டு, பிறகு வண்ணம் தீட்டுங்கள். மெழுகின்மேல் மைப் பேனாவை ஓட்டினால் கோடு விட்டுவிட்டு விழும், முனையும் அடைத்துப்போகும். ஜப்பானின் சகுரா நிறுவனத்துப் பிக்மா மைக்ரான் 01 பேனா கால் மில்லிமீட்டர் கோடு போடும். நிறமி மை என்பதால் நீரில் கரையாது. அதன் முனை மென்மையானது. மரம் வெட்டும் அம்மாவின் கை அதற்கு ஏற்றது, என்னுடையது அல்ல. நான் மாதத்துக்கு ஒன்றை நசுக்கிவிடுகிறேன்.

கடைசியாக, நிறம் நிலைப்பதைப் பற்றி. இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் வெளிறும். வண்ணப் பென்சில்களின் ஒளித்தாங்கு திறனுக்கென்றே அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த டி6901 என்ற தரநிலை இருக்கிறது. அதைக் குறிப்பிடாத பெட்டியை நாமே சோதிக்கலாம். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, சன்னல் கண்ணாடியில் ஒட்டி மூன்று மாதம் விடுங்கள். வெளிநாட்டு நூல்கள் தென்திசைச் சன்னலைச் சொல்லும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்குக் கிழக்கும் மேற்குமே ஏற்ற திசைகள்.

பழைய கிராணி (தைப்பிங்) எழுதியது:

புள்ளிக்காரி அம்மையாரின் மறுமொழியை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க அனுமதியுங்கள். இந்த முறையில் அழிப்பானுக்கு இடமில்லை என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ரப்பருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததால்தான்; 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதைப் பதிவு செய்திருக்கிறார். 1877இல் மலாயாவில் நடப்பட்ட முதல் ரப்பர் மரங்களுள் ஒன்று கோலாகங்சாரில் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்தவற்றை முப்பது ஆண்டுகள் சீவியவர், அழிப்பானைத் தொடாமலே வரைகிறார். அவருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

நிரைக்கோடு (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கத்தைத் தெரிவித்தேன். ‘அழிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டுவிட்டுப் பசியாறப் போய்விட்டார்.

மூன்று வாரங்களாக நான்கு தாள்களைச் சோதித்தோம். எல்லாவற்றையும் 9 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பின்புறத்தில் எண் மட்டும் இட்டு, எது எந்தத் தாள் என்று சொல்லாமல் கொடுத்தேன். 80 கிராம் படியெடுப்புத் தாள், பள்ளிப் பிள்ளைகளின் 135 கிராம் வரைதாள், மணிலா அட்டை, சூடான உருளையில் அழுத்திய 300 கிராம் நீர்வண்ணத் தாள்.

மணிலா அட்டை எங்களை ஏமாற்றியது. தடிப்பாக இருப்பதால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாம் பூச்சிலேயே வழுக்கியது. தடிப்புக்கும் பிடிமானத்துக்கும் தொடர்பில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆனாலும் பழுப்பு நிற அட்டையில் வெள்ளைப் பென்சில் மட்டும் தீட்டியபோது, வேறு எதிலும் காணாத ஓர் அழகு கிடைத்தது. அதற்காக அதை வைத்துக்கொள்கிறோம்.

நீர்வண்ணத் தாளில் ஆறேழு பூச்சுகள் ஏறின. நீலத்தின்மேல் பச்சை, அதன்மேல் மஞ்சள் என்று அடுக்க அடுக்க நிறம் உள்ளிருந்து எழுந்து வந்தது. அச்சுக்கூடத்து ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆயினும் இங்கே நான் எதிர்பாராதது நடந்தது. இரண்டாம் வாரத்தில் எந்தத் தாள் என்ன விலை என்று ஒருவர் கேட்க, நானும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தாளைக் கையில் எடுத்தவர்கள் எல்லாம் தயங்கத் தொடங்கினார்கள். கோட்டை இழுப்பதற்கு முன் காற்றில் இரண்டு முறை ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவர் பென்சிலால் மெல்ல வரைந்துவிட்டு அதன்மேல் மையை ஓட்டுகிறார். அமைதிக்காக வரைய வந்தவர்கள் தேர்வு எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் குறைந்துவிட்டது. மூத்தவர் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் வரைந்தார். விலை உயர்ந்த மரத்தைத் தினமும் வெட்டியவருக்கு விலை உயர்ந்த தாள் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

135 கிராம் வரைதாளில் நான்கு பூச்சுக்குமேல் ஏறவில்லை. ஆனால் எல்லோருடைய கையும் அதில்தான் தடையின்றி ஓடியது. வாராந்தரப் பயிற்சிக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நீர்வண்ணத் தாளின் மீதத்தைப் பெட்டியில், சிலிக்கா பொட்டலங்களோடு பூட்டி வைத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில், பிடிமானமும் இருந்து பயமும் தராத ஒரு தாள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அச்சுக்கூடத்தான் (ஈப்போ) எழுதியது:

ஆசிரியை அவர்களே, விலையைச் சொன்னதுதான் நீங்கள் செய்த ஒரே தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்து நானும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தாளின் குணம் மேற்பரப்பில் மட்டும் இருக்கிறது என்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

நீங்கள் கேட்கும் நடுத்தரத் தாள் எங்கள் பட்டறையில் தினமும் குப்பைக்குப் போகிறது. திருமண அழைப்பிதழ் அடித்த பிறகு பெரிய தாளின் ஓரங்களை வெட்டி எறிவோம். 200 முதல் 250 கிராம் வரையிலான, மேற்பூச்சு இல்லாத அட்டை; இளமஞ்சள், வெள்ளை இரண்டும் இருக்கும். பளபளப்பான மேற்பூச்சு உள்ள அட்டையை நான் தரமாட்டேன்; அதில் பென்சில் ஒட்டாது, மையும் உலர நேரமாகும். வெட்டும் இயந்திரத்தில் 9 சென்டிமீட்டர் அளவு வைத்து அடுக்காக வெட்டிவிட்டால் ஐந்நூறு சதுரங்கள் கிடைக்கப் பத்து நிமிடம் ஆகாது. காசு வேண்டாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளில் நார்த்திசையைப் பென்சிலால் அம்புக்குறி இட்டு அனுப்புகிறேன். பாதியை அம்புக்கு இணையாகவும் மீதியைக் குறுக்காகவும் வைத்து அந்த அம்மாவை வரையச் சொல்லுங்கள். கத்தி பிடித்த கைக்கு நாரின் வேறுபாடு தெரிகிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை என் மைத்துனர் சுங்கை சிப்புட் வழியாகக் கோலாகங்சாருக்குப் போகிறார்; மண்டபத்தில் யாரேனும் இருப்பீர்களா?

நிரைக்கோடு (சுங்கை சிப்புட்) எழுதியது:

ஐந்து மணிக்குமேல் நானே இருப்பேன், ஐயா. மழையாக இருந்தால் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.